பெயர் மாறிய இரவுக்குப் பிறகு: படுவான்கரை வாசிகசாலை ஒன்றில் அமைவுக் கோப்புகள் தொலைந்த நிகழ்வு

2024 நவம்பர் கடைசி வாரத்தில் கிழக்கு மாகாணம் எங்கும் பெருமழை பெய்தபோது, மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில், மண்டூருக்கு அப்பால் உள்ள ஒரு சிற்றூர் வாசிகசாலையில் 14 மணி நேரம் மின்சாரம் இருக்கவில்லை. மின்சாரம் திரும்பியதும் அங்கிருந்த சிறிய சர்வர் எந்தத் தடங்கலும் இல்லாமல் எழும்பியது. ஆனால் எழும்பிய சர்வர், முதல் நாள் மாலையில் அணைந்த சர்வராக இல்லை. பிள்ளைகள் கடந்தகால வினாத்தாள்களை அச்சிடும் பிரிண்டர் அதற்குத் தெரியவில்லை, ஆவணி மாதத்தில் சேர்த்த பயனர் பெயர்கள் இல்லை, வாசகர் கணினிகள் பதினொன்றுக்கும் ஒதுக்கி வைத்த முகவரிகளும் இல்லை. வாசிகசாலைப் பொறுப்பாளரான அம்மா தொலைபேசியில் சொன்னது இவ்வளவுதான்: “மனே, மெசின் எழும்பிற்று, ஆனா ஒண்டும் வேலை செய்யுதில்ல. நான் ஒண்டையும் தொடல்ல.”

அவர் சொன்னது முழு உண்மை. அவரோ வேறு எவருமோ எதையும் தொட்டிருக்கவில்லை. ஏறக்குறைய ஐந்தரை மாதங்களாக மனிதர்கள் செய்த எந்த மாற்றமும் பென் டிரைவில் எழுதப்படவே இல்லை என்பதும், அது எழுதப்படாததை எவரும் அறியாதபடி செய்தது நான் எழுதிய ஒரு வரி என்பதும் பின்னர்தான் தெரிய வந்தன. அந்தச் சர்வரை முதலில் அமைத்துக் கொடுத்தவன் நான். ஆகையால் இந்த ஆய்வில் குற்றம் குறைகள் எவை என்று எழுதும் இடங்களில் பெரும்பாலும் என்னையே குறிப்பிடுகிறேன்.

வெள்ளம் வடிந்து குருமண்வெளித் துறையில் பாதை ஓடத் தொடங்கும் வரைக்கும் மூன்று நாள் காத்திருந்துதான் என்னால் அங்கே போக முடிந்தது. வெளியூர் வாசகருக்காக ஒரு வார்த்தை: வாவியைக் கடக்கும் மிதவைப் படகை எங்கள் பக்கத்தில் பாதை என்றே சொல்வோம்.

அமைப்பு எப்படி இருந்தது

சர்வர் என்று சொன்னாலும் அது தின் கிளையன்ட் எனப்படும் பழைய சிறு கணினிப் பெட்டி ஒன்றுதான். 2 ஜிபி நினைவகம் உண்டு, உள்ளே வன்தட்டு கிடையாது. அதில் அல்பைன் லினக்ஸ் ஓடுகிறது. 2005 முதல் வெளிவரும் இந்த இயங்குதளம் மிகச் சிறியது. வன்தட்டில் நிறுவினாலும் அடிப்படை அமைப்புக்கு ஏறக்குறைய 130 எம்பி இடம் போதும். அதை மூன்று முறைகளில் நிறுவலாம். நான் தேர்ந்தது டிஸ்க்லெஸ் எனப்படும் முறை. கணினி எழும்பும்போது பென் டிரைவில் இருந்து இயங்குதளம் முழுவதும் நினைவகத்துக்கு ஏறிவிடுகிறது, அதன்பின் எல்லாம் நினைவகத்திலேயே நடக்கின்றன, பென் டிரைவ் வாசிப்பதற்கு மட்டுமான நிலையில் இணைந்திருக்கிறது. எழுதிக்கொண்டிருக்கும் நடுவில் கரண்ட் போய்க் கோப்பு முறைமை சிதைந்துபோகும் ஆபத்து இந்த முறையில் மிகக் குறைவு. எங்கள் ஊர்களின் மின்சாரத்தை அறிந்தவருக்கு இந்தத் தெரிவின் காரணத்தை விரித்துச் சொல்லத் தேவையில்லை. இந்த முறை பொருத்தமானது என்பதே என் எண்ணம், நடந்தவற்றுக்குப் பிறகும் அது மாறவில்லை.

அதற்குரிய விலையும் உண்டு. நினைவகத்தில் செய்த மாற்றம் நினைவகத்தோடு போய்விடும். அதைத் தடுப்பதற்காக அல்பைன் தரும் கருவிக்கு எல்பியூ என்று பெயர். ‘எல்பியூ கமிட்’ என்று கட்டளை கொடுத்தால், மனிதர் மாற்றிய அமைவுக் கோப்புகளை (கணினி எப்படி வேலை செய்ய வேண்டும் என்று சொல்லும் கோப்புகளை) மட்டும் தேடித் திரட்டி, கணினியின் பெயரைத் தாங்கிய ஒரே சுருக்குக் கோப்பாகப் பென் டிரைவில் எழுதிவைக்கும். அந்தக் கோப்பை ஏபிகேஓவிஎல் என்பார்கள். நான் இங்கே மேலுறைக் கோப்பு என்று எழுதுகிறேன். அடுத்த முறை கணினி எழும்பும்போது, பொதிகளில் (மென்பொருள் தொகுப்புகளில்) இருந்து வரும் தூய அமைப்பின் மேல் இந்த மேலுறை விரிக்கப்படுகிறது.

எந்தக் கோப்பு மனிதரால் மாற்றப்பட்டது என்பதைக் கருவி கண்டுபிடிக்கும் விதத்தைச் சற்று விளக்கியாக வேண்டும், ஏனென்றால் இந்த நிகழ்வின் பாதி அதில்தான் அடங்கியிருக்கிறது. அல்பைனின் பொதி மேலாளரான ஏபிகே, தான் நிறுவிய ஒவ்வொரு கோப்பின் உள்ளடக்கத்தில் இருந்து கணக்கிட்ட சரிபார்ப்பு எண்ணையும் தன் பதிவேட்டில் வைத்திருக்கிறது. சேமிக்கும் நேரத்தில், அமைவுகள் இருக்கும் ஈடிசி என்ற அடைவில் (கோப்புறையில்) உள்ள கோப்புகளை அந்தப் பதிவேட்டோடு ஒப்பிடுகிறது. எண் பொருந்தினால் அது பொதியில் வந்தபடியே இருக்கிறது, அதைச் சேமிக்க வேண்டியதில்லை, ஏனெனில் பொதியில் இருந்தே அது மீண்டும் வரும். பொருந்தாவிட்டால் யாரோ மாற்றியிருக்கிறார்கள் என்று பொருள். பதிவேட்டிலேயே இல்லாத கோப்பு என்றால் அது புதிதாகச் சேர்ந்தது. ஆகையால் மேலுறைக் கோப்பு வியக்கத்தக்க அளவு சிறியதாக இருக்கும். இந்த வாசிகசாலையுடையது 100 கேபியைத் தொடவில்லை. ஒரு முழுச் சர்வரின் தனித்தன்மை ஒரு சாதாரணப் புகைப்படத்தை விடச் சிறிய கோப்பில் அடங்குகிறது என்பது எனக்கு இன்றும் மகிழ்ச்சி தரும் விடயம்.

இதில் ஒரு முக்கியமான எல்லை உண்டு. எல்பியூ தானாகப் பார்ப்பது ஈடிசி அடைவை மட்டும்தான். பயனரின் ஹோம் அடைவையோ, யூஎஸ்ஆர் லோக்கல் அடைவையோ, வார் அடைவையோ நாம் பெயர் சொல்லிச் சேர்த்தால் ஒழிய அது சேமிப்பதில்லை. இதே அளவு சிறிய இன்னொரு லினக்ஸான டைனி கோர், நேர் எதிரான இடத்தில் இருந்து தொடங்குகிறது: அங்கே சேமிக்க வேண்டியவற்றின் பட்டியல் ஒரு கோப்பில் இருக்கும், அதில் முதலிலேயே எழுதப்பட்டிருப்பவை ஹோம், ஆப்ட் என்ற இரண்டு அடைவுகள், ஈடிசி இருக்காது. ஒன்றில் பழகியவர் மற்றொன்றுக்குப் போனால், எதைச் சேமிக்கிறோம் என்ற எண்ணமே தலைகீழாகிவிடும். இரண்டிலும் பழகியவன் நான் என்பதால் இதை நன்றாக அறிந்திருக்க வேண்டியவனும் நானே.

பென் டிரைவைத் திறந்தபோது

வாசிகசாலைக்குள் நுழைந்ததும் திரையைத்தான் பார்த்தேன். அங்கே ‘லோக்கல்ஹோஸ்ட் லாகின்’ என்று இருந்தது. இந்தச் சர்வரின் பெயர் ‘வாவி’. பெயர் வைக்காமல் விட்டால் அல்பைன் தானாக வைத்துக்கொள்ளும் பெயர்தான் லோக்கல்ஹோஸ்ட். மாசி மாதத்தில் நான் அவசரமாக அமைத்தபோது பெயர் எதுவும் வைக்கவில்லை. ஜூன் மாதத்தில் அந்த ஊரின் தொண்டர் தம்பி ஒருவர், வலைப்பின்னலில் இரண்டு கருவிகளுக்கு ஒரே பெயர் இருந்து குழப்பம் வந்ததால், முறைப்படி வாவி என்று மாற்றினார். ஆக, திரையில் இருந்த அந்த ஒரு சொல்லே கணினி எந்த மாதத்துக்குத் திரும்பியிருக்கிறது என்பதைச் சொல்லிவிட்டது.

எதையும் தொடும் முன் பென் டிரைவைக் கழற்றி, என் மடிக்கணினியில் அதன் முழுப் பிரதி ஒன்றை எடுத்தேன். இப்படியான நேரத்தில் முதலில் செய்ய வேண்டியது இதுதான். பதற்றத்தில் ‘கமிட்’ என்று ஒரு முறை கொடுத்துவிட்டால், எஞ்சியிருக்கும் ஒரே சான்றின் மேலேயே நாம் எழுதிவிடுவோம். பிரதியைத் திறந்து பார்த்தபோது அதில் ஒரே ஒரு மேலுறைக் கோப்பு இருந்தது. அதன் பெயர் லோக்கல்ஹோஸ்ட் என்று தொடங்கியது, அதன் நேரம் ஜூன் மாதத்தின் ஒரு நாள் அதிகாலை 2 மணி. தம்பி பெயரை மாற்றியது அதே நாள் பிற்பகலில் என்பதை அம்மாவின் பதிவுப் புத்தகம் காட்டியது.

அதிகாலை 2 மணிக்கும் ஒரு காரணம் உண்டு. அல்பைனில் ‘டெய்லி’ என்ற அடைவில் வைத்த நிரல்கள் குறித்த நேரத்தில் நிரல்களை ஓட்டும் கிரான் வழியாக ஒவ்வொரு நாளும் அந்த நேரத்தில் ஓடும். அங்கே நான் ஒரே வரியில் ஒரு நிரல் வைத்திருந்தேன்: ‘எல்பியூ கமிட்’ செய், வரும் செய்தி எதுவானாலும் எதையும் வைத்துக்கொள்ளாத வெற்றுச் சாதனத்துக்கு அனுப்பிவிடு. யாரும் வாசிக்காத செய்தி எதற்கு என்று நினைத்து அப்படி எழுதினேன். மாசியில் இருந்து ஜூன் வரைக்கும் அது ஒவ்வொரு இரவும் சரியாக வேலை செய்திருக்கிறது.

வீட்டுக்கு வந்து, மாற்றுப் பெட்டி ஒன்றில் அதே பிரதியை ஏற்றி, பெயரை வாவி என்று மாற்றிவிட்டு, கையாலேயே ‘எல்பியூ கமிட்’ கொடுத்தேன். கருவி மறுத்துவிட்டது. ‘இந்த மேலுறைக் கோப்பு ஏற்கெனவே இருக்கிறது’ என்று லோக்கல்ஹோஸ்ட் கோப்பின் பெயரைக் காட்டி, அதை அகற்றிப் புதியதை வைக்க வேண்டுமானால் ‘டி’ என்ற தெரிவைச் சேர்க்கும்படி சொல்லி, தோல்விக் குறியீட்டோடு நின்றது. எல்பியூ என்பது வாசிக்கக்கூடிய ஒரு ஷெல் நிரல்தான். அதைத் திறந்து பார்த்தால், ஒன்றுக்கு மேற்பட்ட மேலுறைகள் இருப்பது பாதுகாப்புப் பிரச்சினை என்ற குறிப்போடு இந்த மறுப்பு எழுதப்பட்டிருக்கிறது. நியாயமான மறுப்பு. வேறு பெயரில் ஒரு மேலுறை ஏற்கெனவே இருக்கும் பென் டிரைவில் இரண்டாவதை வைத்தால், அடுத்த முறை எழும்பும்போது எது விரிக்கப்படும் என்பதை எவரும் உறுதியாகச் சொல்ல முடியாது. கருவி தன் கடமையைச் செய்தது. ஒவ்வொரு இரவும், 160 இரவுகளுக்கு மேலாக, அது இதே செய்தியைச் சொல்லியிருக்கிறது. அந்தச் செய்தியைக் கேட்கும் காதை அடைத்தவன் நான்.

தம்பியின் பக்கத்தில் பிழையே இல்லை என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன். ‘மாற்றத்தைச் செய்துவிட்டு விடு, இரவில் தானாகச் சேமிக்கும்’ என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்தவன் நானே. அவர் கையால் சேமித்திருந்தால் அந்த மறுப்பு அன்றைக்கே அவர் கண்ணில் பட்டிருக்கும்.

இவ்வளவு காலம் இது வெளிப்படாமல் இருந்ததற்கு இன்னொரு காரணம், கேட்பவருக்கு முதலில் விந்தையாகத் தோன்றலாம்: யூபிஎஸ் நன்றாக இருந்தது. அந்தப் பெட்டி 12 வாட் அளவில்தான் மின்சாரம் எடுக்கும். யூபிஎஸ்ஸில் உள்ளது 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி மின்கலம், அதாவது கணக்குக்கு 84 வாட்-மணி. இழப்புகளைக் கழித்தாலும் மூன்று மணி நேரத்துக்குக் கிட்ட அது தாங்கியது. இடையில் வந்த மின்வெட்டுகள் எல்லாம் அதற்குள் அடங்கிவிட்டன. அரை மணி நேரத்தில் செத்துப்போகும் மட்டமான யூபிஎஸ்ஸாக இருந்திருந்தால், ஜூன் மாதத்திலேயே ஒரு நாள் சர்வர் அணைந்து, ஒரு நாள் மாற்றத்தோடு இழப்பு முடிந்திருக்கும்.

மனிதர் மாற்றியது எது?

இரண்டாவது கேள்வி இதைவிடக் கடினமானது. ஜூன் மாதத்தில் அந்த மறுப்பு வராமல், ஒவ்வொரு இரவும் சேமிப்பு வெற்றியாக நடந்திருந்தால், எல்லாம் திரும்பி வந்திருக்குமா? வந்திருக்காது. இதைக் கண்டுபிடித்தபோதுதான் எனக்கு உண்மையில் மனம் கனத்தது.

பதினொரு கணினிகளின் முகவரி ஒதுக்கீடுகள், முகவரிகளை வழங்கும் நிரலான டிஎன்எஸ்மாஸ்க்கின் அமைவுக் கோப்பில், ஈடிசி அடைவில் இருந்தன, அவை வந்திருக்கும். பிரிண்டரின் விபரம், அச்சு வேலையைக் கவனிக்கும் நிரலான கப்ஸ் எழுதும் பிரிண்டர்ஸ் கோப்பில், அதுவும் ஈடிசியில்தான், அதுவும் வந்திருக்கும். ஆனால் வினாத்தாள் கோப்புறைக்குள் நுழையும் ஆசிரியர்களின் சாம்பா (கோப்புறைகளை வலைப்பின்னலில் பகிரும் நிரல்) கடவுச்சொற்கள் வார் அடைவில், சாம்பாவின் தனி அடைவில், பாஸ்டிபி என்ற தரவுக் கோப்பில் இருக்கின்றன. அது மாசி மாதத்தில் இருந்தே ஒரு நாளும் சேமிக்கப்படவில்லை. அதேபோல், நாளொன்றுக்கு எத்தனை பக்கம் அச்சானது என்று கூட்டிச் சொல்வதற்குத் தம்பி எழுதி யூஎஸ்ஆர் லோக்கலில் வைத்த சிறு நிரலும் சேமிப்பின் எல்லைக்கு வெளியே இருந்தது.

லினக்ஸ் கோப்பு அடுக்குத் தரநிலை, அதன் 3.0 பதிப்பு 2015 இல் வந்தது, ஈடிசியை அந்தக் கணினிக்கே உரிய நிலையான அமைவுகளின் இடம் என்றும், வாரை மாறிக்கொண்டே இருக்கும் தரவின் இடம் என்றும் பிரிக்கிறது. நிரல் எழுதுபவரின் கண்ணுக்கு அது சரியான பிரிப்பு. கடவுச்சொல் தரவுத்தளம் மாறும் தரவுதான். ஆனால் வாசிகசாலை அம்மாவின் கண்ணுக்கு, ‘கணித ஆசிரியருக்கு ஒரு பயனர் பெயர் போட்டுக் கொடுத்தோம்’ என்பது, ‘பிரிண்டரை மேல்மாடிக்கு மாற்றினோம்’ என்பதைப் போலவே மனிதர் எடுத்த ஒரு முடிவு. அடைவின் பெயரை வைத்து எதைச் சேமிப்பது என்று தீர்மானித்தால், முடிவுகளில் ஒரு பகுதி வெளியே நின்றுவிடும்.

ஆகவே கோப்புகளை அடைவு வாரியாகப் பார்ப்பதை விட்டு, எழுதியவர் யார் என்று கேட்டு வகைப்படுத்தினேன். சிலவற்றை மனிதர் தம் கையால் திறந்து எழுதுகிறார். சிலவற்றை நிரல் எழுதுகிறது, ஆனால் மனிதர் ஒரு பொத்தானை அழுத்தியதால் எழுதுகிறது. கப்ஸின் பிரிண்டர்ஸ் கோப்பும் சாம்பாவின் பாஸ்டிபியும் இந்த வகை. மற்றவற்றை நிரல் தன் தேவைக்காகவே எழுதுகிறது. டிஎன்எஸ்மாஸ்க் தற்காலிகமாகக் கொடுத்த முகவரிகளின் பட்டியல், கப்ஸின் சப்ஸ்கிரிப்ஷன்ஸ் கோப்பு போன்றவை அப்படி. முதல் வகையைக் காப்பாற்றுவது எளிது. கடைசி வகை போனாலும் தானாக உண்டாகிவிடும். நடுவில் உள்ள வகைதான் எங்கும் தவறிப்போகிறது, அதுவே அதிகம் பாதுகாக்கப்பட வேண்டியதும்கூட, ஏனென்றால் அதை எந்த மனிதரும் எழுத்தாகப் பார்த்திருக்க மாட்டார், நினைவில் இருந்து மீண்டும் எழுதவும் முடியாது.

அந்த நடு வகை தரும் தொல்லையும் சிறியதல்ல. பிரிண்டரின் நிலை மாறும் ஒவ்வொரு முறையும் கப்ஸ் அந்த நேரத்தைப் பிரிண்டர்ஸ் கோப்பில் எழுதுகிறது. காகிதம் தீர்ந்தாலே கோப்பு மாறிவிடும். ‘எல்பியூ ஸ்டேட்டஸ்’ கேட்டால் எந்த நாளும் அந்தக் கோப்பு மாறியதாகவே காட்டும். மாறியது மாறியது என்று எப்போதும் காட்டும் பட்டியலை மூன்றாம் நாளில் இருந்து யாரும் வாசிப்பதில்லை. சிலர் எரிச்சலில் கப்ஸ் அடைவு முழுவதையும் விலக்குப் பட்டியலில் போட்டுவிடுகிறார்கள். அது தவறு. நான் சப்ஸ்கிரிப்ஷன்ஸ் கோப்பை மட்டும் விலக்கினேன், பிரிண்டர்ஸ் கோப்பை விலக்கவில்லை. அதன் வரலாற்றைக் கிட் (கோப்புகளின் மாற்றங்களை வரிசையாகப் பதிந்துவைக்கும் கருவி) வழியாகப் பார்க்கும்போது மட்டும் நிலை நேரத்தைச் சொல்லும் வரிகளை வடிகட்டி எடுத்துவிடுகிறேன். இப்போது அந்தக் கோப்பில் மாற்றம் தெரிந்தால் அது உண்மையான மாற்றமாகத்தான் இருக்கும்.

மீட்பு

தொலைந்தவற்றை மீட்டதில் பெரும் பங்கு அம்மாவின் பதிவுப் புத்தகத்துக்கே உரியது. புத்தகங்கள் இரவல் போவதை எழுதும் அதே நீலக் கொப்பியின் பின்பக்கங்களில், ஒவ்வொரு கணினியின் மேசை எண்ணுக்கும் நேராக அதன் முகவரியின் கடைசி எண்ணை அவர் எழுதி வைத்திருந்தார். இரண்டு இடங்களில் பழைய எண்ணைக் கோடிட்டு வெட்டிப் புதியதை எழுதி, பக்கத்தில் ‘கணினி 7 பழுது, 9 இங்கு வந்தது’ என்று காரணமும் குறித்திருந்தார். எந்தக் கருவியும் எனக்குத் தராத ‘ஏன்’ என்பதை அந்தக் கொப்பி தந்தது. வலை அட்டை எண்களைக் கணினிக்குக் கணினி போய்ப் பார்த்து எழுதினோம். ஆசிரியர்களின் கடவுச்சொற்களை மீட்க வழி இல்லை, புதியவை போட்டுக் கொடுத்தோம். வினாத்தாள்கள் வெளியே இணைத்த தனி வன்தட்டில் இருந்ததால் அவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை.

செய்த மாற்றங்கள்

முதல் வேலையாக, பழைய லோக்கல்ஹோஸ்ட் மேலுறையை அகற்றிப் புதியதை வைக்க, ‘டி’ தெரிவோடு ஒரே ஒரு முறை சேமித்தேன். அந்தத் தெரிவை இரவு நிரலில் நிரந்தரமாகப் போட்டுவிட்டால் இப்படி ஒரு பிரச்சினை வராதே என்று தம்பி கேட்டார். நல்ல கேள்விதான், ஆனால் நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஒரு நாள் யாராவது வேறு கணினியின் பென் டிரைவைத் தவறுதலாக இதில் செருகிவிட்டால், இரவு 2 மணிக்கு அந்தக் கணினியின் ஒரே மேலுறை அழிந்துபோகும். மறுப்பு இருக்கட்டும், அதை மனிதருக்குக் கேட்கச் செய்வதே நம் வேலை.

அதைக் கேட்கச் செய்த விதம் எளிமையானது. வாசகர் கணினிகள் எல்லாவற்றிலும் உலாவியைத் திறந்தால் முதலில் வருவது இந்தச் சர்வர் தரும் ஒரு பக்கம். அதன் மேல்மூலையில் இப்போது ‘கடைசிச் சேமிப்பு’ என்று ஒரு தேதி இருக்கிறது. நிரல் வெற்றி என்று சொன்ன நேரம் அங்கே வருவதில்லை. பென் டிரைவில் உள்ள மேலுறைக் கோப்பைத் தேடிப் பார்த்து, அந்தக் கோப்பின் நேரத்தையே எடுத்துக் காட்டுகிறது. இரண்டு நாளுக்கு மேல் பழையதானால் எழுத்துச் சிவப்பாகும். அம்மா காலையில் வாசிகசாலையைத் திறந்து விளக்கேற்றியதும் அதைப் பார்க்கிறார்.

இந்தப் பக்கம் தன் பயனை மூன்றாம் நாளே காட்டியது. புதிய இரவு நிரலுக்கு நான் ‘சேமி’ என்று பெயர் வைத்து, பழக்கத்தில் அதன் பின்னால் புள்ளி எஸ்ஹெச் என்றும் சேர்த்திருந்தேன். டெய்லி அடைவின் நிரல்களை ஓட்டுவது அல்பைனில் உள்ள பிசிபாக்ஸின் ரன்-பார்ட்ஸ். அது பெயரில் புள்ளி உள்ள நிரல்களை ஓட்டாமல் தாண்டிப் போய்விடும், எந்த முறைப்பாடும் செய்யாது. தேதி சிவந்தது, அம்மா அழைத்தார், பெயரில் இருந்த புள்ளியை எடுத்தேன். பழைய ஏற்பாட்டில் இது அடுத்த மாரி வரைக்கும் தெரிந்திருக்காது.

சேமிப்பின் எல்லையை விரிவாக்க, தம்பியின் நிரலை ‘எல்பியூ இன்குளூட்’ கட்டளையால் சேர்த்தேன். சாம்பாவின் தரவுக் கோப்பை அப்படியே சேர்க்க விரும்பவில்லை, ஏனெனில் எழுதிக்கொண்டிருக்கும் நொடியில் பிரதி எடுத்தால் அது பாதி எழுதிய நிலையில் சிக்கலாம். சேமிப்புக்கு முன் ஓட வேண்டிய நிரல்களுக்கென்று எல்பியூ ஓர் அடைவு வைத்திருக்கிறது. அங்கே டிடிபிபேக்கப் என்ற கருவியால் ஒழுங்கான பிரதி ஒன்றை எடுக்கும் நிரலை வைத்து, அந்தப் பிரதியை மட்டும் சேமிப்பில் சேர்த்தேன். கணினி எழும்பியதும், சாம்பா தொடங்கும் முன், அந்தப் பிரதியை உரிய பெயருக்கு மாற்றும் சிறு நிரல் ஒன்றும் உண்டு. பழைய மேலுறைகள் ஐந்தை வைத்திருக்கும்படி எல்பியூவின் அமைவில் வரம்பும் போட்டேன். தவறான மாற்றம் ஒன்றைச் சேமித்துவிட்டால் ‘எல்பியூ ரிவர்ட்’ கொடுத்து முந்தையதை அடுத்த எழும்பலுக்குத் தெரிவு செய்யலாம்.

ஈடிசியின் வரலாற்றைக் கிட் காப்பாற்றுகிறது என்றேன். அந்தக் களஞ்சியத்தை ஈடிசிக்குள் வைத்தால் அதுவும் மேலுறைக்குள் போய் நாளுக்கு நாள் பருத்துவிடும், ஆகையால் அதை வன்தட்டில் தனியே வைத்திருக்கிறேன். இரண்டு எச்சரிக்கைகள் இங்கே அவசியம். கோப்பின் உரிமையாளர் யார், வாசிக்கும் அனுமதி யாருக்கு என்பவற்றைக் கிட் சேமிப்பதில்லை, ஓட்டக்கூடிய கோப்பா இல்லையா என்பதை மட்டுமே நினைவில் வைக்கும். ஆகவே அது வரலாறு பார்ப்பதற்கே உதவும், மீட்பதற்கு மேலுறைக் கோப்புத்தான் வேண்டும். மேலுறைக்குள் இருக்கும் டார் வடிவம் உரிமைகளையும் சேர்த்தே காக்கிறது, பென் டிரைவ் உரிமைகளைப் பதியாத ஃபாட்32 முறையில் இருந்தாலும் அதில் குறைவு வராது. அடுத்தது, கடவுச்சொற்களின் ஹாஷ் எண்கள் உள்ள ஷேடோ கோப்பு இரண்டிலும் இருக்கும். பிள்ளைகள் திறக்கும் பகிர்வுக் கோப்புறை அதே வன்தட்டில் இருப்பதால், களஞ்சியம் அதற்கு வெளியே, ரூட் எனப்படும் நிர்வாகக் கணக்கு மட்டும் திறக்கும் இடத்தில் இருக்கிறது.

இரண்டாவது பிரதி வாவியின் மறுகரையில் இருக்க வேண்டும் என்பதில் நான் விடாப்பிடியாக இருந்தேன். 1978 நவம்பர் 23 சூறாவளியைக் கண்ட பெரியவர்கள் எங்கள் ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள். ஒரே கூரையின் கீழ் இரண்டு பிரதி வைப்பதைப் பற்றி அவர்களிடம் விளக்க வேண்டியதில்லை. கிழமைக்கு ஒரு முறை, கடவுச்சொல்லால் பூட்டிய மேலுறை ஒன்று எழுவான்கரையில் உள்ள என் வீட்டுக்கு வருகிறது.

போயா நாள் சோதனை

இவை எல்லாம் சரியாக இருக்கின்றன என்று நம்புவதற்கு எனக்கு இப்போது ஒரே சான்றுதான் உண்டு: அணைத்து எழுப்பிப் பார்ப்பது. பௌர்ணமி விடுமுறையான போயா நாளில் வாசிகசாலை மூடியிருக்கும். அன்றைக்கு அதே மாதிரியான மாற்றுப் பெட்டியில், மறுகரைப் பிரதியை மட்டும் கொண்டு, இணைய இணைப்பைக் கழற்றிவிட்டு எழுப்புகிறோம். வெள்ள நாளில் இணையமும் இருக்கவில்லை என்பதால் அந்த நிலையையே சோதனைக்கும் வைத்தோம்.

முதல் சோதனை தோற்றது. பெயர் வந்தது, முகவரிகள் வந்தன, ஆசிரியர்களின் பயனர் பெயர்கள் வந்தன. பிரிண்டரும் பட்டியலில் இருந்தது, ஆனால் அச்சடிக்கவில்லை. அதன் டிரைவர் பொதியைத் தம்பி இணையத்தில் இருந்து நிறுவியிருந்தார். அந்தப் பொதியின் பெயர் ‘வேர்ல்ட்’ என்ற பட்டியலில் ஒழுங்காகப் பதிவாகிச் சேமிக்கப்பட்டும் இருந்தது. பொதியோ எங்கும் இல்லை. பென் டிரைவில் பொதிச் சேமிப்பகம் அமைக்கப்படாததால், எழும்பும் நேரத்தில் இணையம் இருந்தால் மட்டுமே அது கிடைக்கும். அமைவுக் கோப்பு எதை நம்பி நிற்கிறதோ அதுவும் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதை நான் யோசித்திருக்கவில்லை. பொதிச் சேமிப்பகத்தைப் பென் டிரைவில் அமைத்து, பட்டியலில் உள்ள பொதிகள் அனைத்தையும் அதில் இறக்கினோம்.

அதே சோதனையில் இன்னொன்றும் தெரிந்தது. மாற்றுப் பெட்டியின் கடிகாரம் பல ஆண்டுகள் பின்னால் நின்றது. தாய்ப்பலகையில் உள்ள சிஆர்2032 மின்கலம் செத்திருந்தது. சேமிப்பின் தேதியை நம்பி எச்சரிக்கும் ஏற்பாட்டில் கடிகாரம் பொய் சொன்னால் எச்சரிக்கையும் பொய்யாகும். இரண்டு பெட்டிகளுக்கும் புதிய மின்கலம் போட்டோம்.

அடுத்த போயாவில் மாற்றுப் பெட்டி இணையம் இல்லாமல் எழும்பி, திரையில் ‘வாவி லாகின்’ என்று வந்தது. அம்மா நீலக் கொப்பியைத் திறந்து ஒவ்வொரு மேசை எண்ணாக வாசிக்க, தம்பி ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். பதினொன்றும் பொருந்தின. உயர்தர இரசாயனவியல் வினாத்தாள் ஒன்றின் முதல் பக்கத்தை அச்சடித்து, பின்பக்கத்தில் தேதியை எழுதிக் கொப்பிக்குள் வைத்தோம்.

மீதம் இருப்பது ரவுட்டர். அதில் ஓடுவது ரவுட்டர்களுக்கான லினக்ஸான ஓப்பன்டபிள்யூஆர்டி. அதற்குத் தன் அமைவுக் கோப்புகளைத் திரட்டும் சொந்த வழியும், மேம்படுத்தும்போது எவற்றைக் காக்க வேண்டும் என்று எழுதிவைக்கும் சொந்தப் பட்டியலும் உண்டு. பிள்ளைகளின் இணைய நேர வரம்புகள் அதில்தான் இருக்கின்றன. அவற்றை யார் எப்போது மாற்றினார்கள் என்பது இன்றைக்கு அம்மாவின் கொப்பியில் மட்டுமே இருக்கிறது. அடுத்த போயாவுக்குத் தம்பி அதை எடுத்துக்கொண்டிருக்கிறார்.